நாற்பத்தொன்று சீக்கிரம் பூக்கும்

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ் வருடப் பிறப்பு. இங்கே விடுமுறை இல்லை. கம்பெனியில், செடி வளர்க்கும் மூன்றாம் அறையில், விளக்கை நேரத்துக்கு அணைக்கும் கடிகாரம் பழுது. இருட்டில் இருக்க வேண்டிய செடிகள் நான்கு நாளாக வெளிச்சத்திலேயே நின்றிருக்கின்றன. எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிவிட்டுப் போனார். வரிசை 41-இல் மூன்று செடிகளை அப்புறப்படுத்தினேன். ஆய்வு ஏட்டில் காரணம்: வேர் அழுகல். மதியம் புளிசாதம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்னும் இரண்டு வாரத்தில் என் வீட்டுக்காரர் தங்கமாயன் வருகிறார். ஆறு மாதம் இருப்பார். ஒன்பது வருடமாக நான் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில். அவர் உசிலம்பட்டியில். வருடத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் நான் போய் வருவேன். வேலையை விட்டு வர முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். மதுவிலக்குப் பிரிவில் இன்ஸ்பெக்டர். முப்பத்தோரு வருட சர்வீஸில் பெரும்பகுதி, மலைமேல் கஞ்சாத் தோட்டங்களைத் தேடிப் போய்ப் பிடுங்கி எரித்தது. மெடல் ஒன்று உண்டு.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குச் சொல்லியிருப்பது: சணல் ஆராய்ச்சி. இது பொய் என்று சொல்ல முடியாது. இங்கே நாருக்காகப் பயிரிடும் ஹெம்ப் சணலும் கஞ்சாவும் தாவரவியலில் ஒரே செடிதான்.

நேரில் எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன்.

'இந்த நாட்டில் கஞ்சா சட்டப்படியான பயிர். எங்கள் கம்பெனி லைசென்ஸ் வாங்கி ரகங்களை உருவாக்குகிறது. கோயம்புத்தூரில் குறுவை நெல்லுக்கு என்ன செய்தேனோ, அதையே இதற்குச் செய்கிறேன். பயிரின் வயதைக் குறைக்கிறேன். இங்கே அக்டோபர் முதல் வாரம் உறைபனி விழும். வழக்கமான ரகம் வயலில் முற்ற அக்டோபர் பாதி ஆகிவிடும். அதற்குள் கருகிவிடும், இல்லாவிட்டால் மழையில் பூசணம் பிடிக்கும். இந்துகுஷ் மலைப்பக்கத்து இண்டிகா வகைக் கஞ்சா குட்டைச் செடி, அகன்ற இலை. அங்கே கோடை சின்னது என்பதால் சீக்கிரம் பூத்துப் பழகியது. அதைத் தாயாக வைத்து ஏழு வருடம் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததுதான் வரிசை 41. செப்டம்பர் இருபதில் அறுத்துவிடலாம்.'

சணல் என்பதைவிட நீளமாக இருக்கிறது. இப்போதைக்குச் சணல் இருக்கட்டும்.

மே 11, ஞாயிறு

வந்துவிட்டார். விமான நிலையத்தில் யாரும் கேட்காமலே மோர்மிளகாய், அப்பளம், கருவாடு என்று எல்லாவற்றையும் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். கருவாடு மட்டும் போயிற்று.

காரில் வரும்போது, "ரெண்டு பக்கமும் என்னா வெள்ளாம?" என்றார்.

"சோளம், சோயா. கொஞ்சம் தக்காளி."

"உன் சணலு?"

"உள்ளுக்குள்ள வச்சு வளக்குறோம்ங்க."

"சணல உள்ளுக்குள்ள வச்சா."

"குளிருல்ல."

அதற்கப்புறம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மே 19, திங்கள்

செடி வாசம் தெரியாமலிருக்க, வேலை முடிந்து கிளம்புவதற்கு முன் கம்பெனியிலேயே குளித்துவிட்டு உடை மாற்றிக்கொண்டு வருகிறேன். இன்று அவர், "வேலைக்குப் போறப்ப குளிக்கிற, வர்றப்பயும் குளிச்சிட்டு வர்ற. இம்புட்டுச் சோப்பு வாசம் எனக்கு ஒத்துக்கல" என்றார். சோப்பை மாற்ற வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

வரிசை 41 முதன்முறையாக வெளியாள் நிலத்தில் இறங்கியது. இராசநாயகம் என்பவருடைய ஒன்றரை ஏக்கர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. அங்கே அவர் குடும்பம் புகையிலைப் பயிர்க்காரர்கள். இங்கேயும் யாரோ கைவிட்ட பழைய புகையிலைத் தோட்டத்தைத்தான் வாங்கியிருக்கிறார், உலர்த்தும் கொட்டகையோடு. முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்று சேர்த்தது அத்தனையும் அந்த நிலத்தில். லைசென்ஸ் கிடைக்கவே இரண்டு வருடம். ஆயிரத்து எண்ணூறு நாற்று. அவரும் மனைவி யோகேஸ்வரியும் நானும், கம்பெனி ஆட்கள் நால்வருமாக நட்டோம்.

தண்ணீர் விட்டு முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டொக்டர், ஒண்டு கேக்க வேணும். சில இனத்தில பொம்பிளைச் செடியிலயே ஆம்பிளைப் பூவும் வருமாம். போன வருசம் இஞ்ச பக்கத்தில ஒருத்தருக்கு அப்பிடி வந்து, தோட்டம் முழுக்க விதை பிடிச்சுப் போச்சு. விதை பிடிச்ச பூவை ஒருத்தரும் வாங்க மாட்டினம். உங்கட கண்டில, இந்த நாத்தில, அப்பிடி ஏதும் இருக்கோ?"

"இல்லை" என்றேன்.

"நீங்கள் சொன்னாச் சரி. தமிழ் ஆக்கள் எண்டபடியாத்தான் உங்களிட்டக் கேட்டனான்."

யோகேஸ்வரி கொழுக்கட்டை தந்தார். இரண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 25, புதன்

மூன்றாம் அறைக்குப் போனேன். செடிகள் நன்றாக இருக்கின்றன. அந்த மூன்று செடியில் கண்டது கடிகாரம் கெட்டதனால் வந்தது. வயலில் கடிகாரம் கிடையாது.

ஜூலை 12, சனி

இராசநாயகம் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் தட்டிக் கழித்துப் பார்த்தேன். தமிழ்க் கடையில் என் வீட்டுக்காரரைப் பார்த்து நேரிலேயே சொல்லிவிட்டார். ஆட்டுக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, புட்டு.

சாப்பிட்டு முடித்ததும், "அண்ணை, டொக்டரின்ர பயிரை ஒருக்காப் பாருங்கோவன்" என்று கூட்டிப் போனார். வெளியாள் உள்ளே வந்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இவர் போட்டார். வேலிக் கதவு திறந்தது.

இடுப்பளவு வளர்ந்திருந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்தது.

இவர் வேலிக்கு உள்ளே ஒரு அடி வைத்து நின்றார். அதற்கு மேல் போகவில்லை. இராசநாயகம் சொட்டுநீர்க் குழாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தார். திரும்பிப் பார்த்தபோது இவர் காரில் உட்கார்ந்திருந்தார், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு.

வீடு வரும் வரை நாற்பது நிமிடம்.

ஜூலை 13, ஞாயிறு

பேசவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பேசவில்லை. புல் வெட்டினார். எங்கள் புல்லையும் பக்கத்து வீட்டுப் புல்லையும்.

ஜூலை 18, வெள்ளி

"உப்பு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 21, திங்கள்

காபி கொடுக்கும்போது பேசினார்.

"ஊர்ல எங்கூட வேல பாத்தவய்ங்க கேப்பாய்ங்க, ஒம் பொண்டாட்டி வெளிநாட்டுல என்னா பண்ணுதுன்னு. சணலுன்னு சொல்லிட்டிருந்தேன். ஒன்பது வருசமா."

"இங்க சட்டப்படி லைசென்ஸ் இருக்குங்க."

"சட்டத்த நான் கேக்கல. லைசென்ஸ் அவரு வேலியிலயே மாட்டியிருக்காரு, படிச்சேன். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இங்க வந்திருக்க மாட்டீங்க."

காபியைக் கீழே வைத்தார். "ஆமா. வந்திருக்க மாட்டேன்."

காபி ஆறிவிட்டது என்று சூடு பண்ணித் தரச் சொன்னார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வயலில் முதல் பூ. மற்ற ரகங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பாத்தி பாத்தியாக ஒரே நாளில் பூத்திருக்கிறது, நெல் மாதிரி. ஏழு வருடம். என் மேலாளர் ஹெய்டி பார்க்க வந்து கைகுலுக்கினார். அடுத்த வருடம் இன்னும் இரண்டு மாகாணங்களுக்குக் கொடுக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "எத்தன நாள் முந்தி?" என்று கேட்டார். பதினான்கு என்றேன். "பரவால்லயே" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாலை ஆலங்கட்டி மழை. நெல்லிக்காய் அளவு. பதினைந்து நிமிடம்.

ஆகஸ்ட் 23, சனி

இராசநாயகம் தோட்டத்துக்குப் போனேன். கிளைகள் முறிந்திருக்கின்றன, இலை சல்லடையாக இருக்கிறது. பூக்கள் பரவாயில்லை. "உசிர் தப்பிட்டுது" என்றார் இராசநாயகம். ஆமாம் என்றேன். இனி தினமும் வந்து பார்க்கிறேன் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

வயலுக்குப் போய் வந்தேன். பொதுவாக நன்றாக இருக்கிறது.

மாலை துணி துவைக்கப் போடுவதற்கு முன் இவர் பை பார்ப்பது வழக்கம். போலீஸ் புத்தி. என் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். ஒன்பது சின்ன மஞ்சள் பூ. குட்டி வாழைப்பழச் சீப்பு மாதிரி இருக்கும்.

"இது ஆம்பளப் பூவு" என்றார்.

"ஆமா."

"பொட்டச் செடியில இருந்து கிள்ளுனியா?"

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?"

"ஏப்ரல்ல. லைட்டுக் கடிகாரம் கெட்டுப்போச்சு. அதனாலதான்னு..."

"எத்தன செடி?"

"மூணு."

"அத என்னா பண்ணுன?"

"எடுத்துட்டேன். வேர் அழுகல்னு எழுதுனேன்."

"எழுதுனத நான் கேக்கல, பவளம். வேரு அழுகுச்சா?"

"இல்ல."

முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ பேரை இப்படி உட்கார வைத்திருப்பார். அடித்துக் கேட்பார் என்று ஊரில் சொல்வார்கள். என்னிடம் குரலைக்கூட உயர்த்தவில்லை. பொட்டலத்தை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து என் பக்கம் தள்ளினார்.

"காலைல ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

வயல் பொதுவாக நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் போனோம். இராசநாயகமும் யோகேஸ்வரியும் அடுப்படியில் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். இந்த ரகம் நெருக்கடி வந்தால் பெண் செடியில் ஆண் பூ விடும். ஏப்ரலிலேயே பார்த்தேன். பதியவில்லை. ஆலங்கட்டி மழைக்குப் பிறகு இப்போது உங்கள் வயலிலும் விட ஆரம்பித்திருக்கிறது. பார்த்தவரை தெற்கு ஓரத்தில்தான் அதிகம். மகரந்தம் பறந்தால் முழு வயலும் விதை பிடிக்கும்.

இராசநாயகம் கேட்டார். "ஏப்ரலில தெரியும்."

"தெரியும்."

"ஜூனில நான் கேட்டனான்."

"ஆமா."

"கேட்டனான்தானே? நான் கேக்காமல் விட்டிட்டனோ எண்டு யோசிக்கிறன்."

"கேட்டீங்க. நான் இல்லைன்னு சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் கழுவினார். யோகேஸ்வரிதான் பேசினார். "உங்களை நம்பித்தான் அக்கா வைச்சனாங்கள். இந்த மனுசன் உங்களுக்காக லைசென்ஸ்காரரோட சண்டை பிடிச்சது தெரியுமோ? வேற இனம் வையுங்கோ எண்டு சொன்னவை." அடுப்பை அணைத்தார்.

இவர் பேச ஆரம்பித்தார். "சார், ஒரு விசயம். இன்னைக்கித் தேதில எத்தன செடி கெட்டிருக்குன்னு யாருக்கும் தெரியாது. வரிச போட்டு நடந்து ஒவ்வொண்ணாப் பாத்தாத்தான் தெரியும். கெட்டதப் பையில மூடி எடுத்துட்டா மிச்சம் தப்பும். இந்தச் செடிய வரிச போட்டுத் தேடுறது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

இராசநாயகம் அவரைப் பார்த்தார். "அண்ணை என்ன வேலை செய்தனீங்கள்?"

இவர் சொன்னார்.

இராசநாயகம் போய், வெளியாள் கையெழுத்துப் போடும் பதிவேட்டை எடுத்து வந்து இவர் முன்னால் வைத்தார்.

செப்டம்பர் 1, திங்கள்

நால்வரும். பனி உலரும் முன்பே ஆரம்பித்தோம், ஈரத்தில் மகரந்தம் பறக்காது. ஒவ்வொரு செடியையும் அடியிலிருந்து நுனி வரை விலக்கிப் பார்க்க வேண்டும். ஒரு செடிக்கு மூன்று நிமிடம். இவர் குனிந்து நடக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்கிறார். எனக்குத் தப்பிய இரண்டை அவர் பிடித்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று பிடுங்கியது 61 செடி. யோகேஸ்வரி எனக்கு மட்டும் தேநீர் தரவில்லை. கடைசியில் தந்தார். சர்க்கரை போடவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஹெய்டியிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எப்போது தெரியும்?"

"ஏப்ரல் பதினான்கு."

"இன்று செப்டம்பர் நான்கு" என்றார்.

காலண்டர் எதிரேதான் மாட்டியிருந்தது. இருவரும் பார்த்தோம்.

ஏன் என்று கேட்டார். ஏழு வருடம் என்றேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இன்னொரு ஏழு வருடம் யார் தருவார்கள் என்று நினைத்தேன் என்றேன். அப்படி நினைத்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

வரிசை 41 திரும்பப் பெறப்படுகிறது. இரண்டு மாகாணத் திட்டமும் ரத்து. என்னைப் பற்றிய முடிவு பிறகு.

செப்டம்பர் 6, சனி

முடிந்தது. மொத்தம் 212 செடியைப் பிடுங்கினோம். தெற்குப் பாதி முழுக்க ஏற்கெனவே விதை பிடித்துவிட்டது. வடக்குப் பாதி தப்பும் போலிருக்கிறது. கம்பெனி இராசநாயகத்துக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அவர் ஹெய்டியிடம் கேட்ட ஒரே கேள்வி, அடுத்த வருடம் நாற்று கிடைக்குமா என்பதுதானாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அறுவடை. சொன்ன தேதிக்கு ஒரு நாள் பிந்தி. பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் இன்னும் பச்சையாக நிற்கிறது.

தப்பிய வடக்குப் பாதியை அறுத்துக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். ஒரு காலத்தில் புகையிலை தொங்கிய அதே கழிகள். இவர் உள்ளே வந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முழுசா வெளஞ்சு நான் பாத்ததே இல்ல" என்றார். "பூக்கிறதுக்குள்ள போயிருவோம். அதான் கணக்கு."

இராசநாயகம் ஏணியில் இருந்தார். "பூத்தாப் பிறகு இப்பிடித்தான் அண்ணை. பெரிய வடிவெண்டு ஒண்டும் இல்லை."

"இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர்.

கிளம்பும்போது இராசநாயகம் என்னிடம் வந்தார். "டொக்டர், உங்களோட எனக்குக் கோவம் இருக்கு. போகேல்ல. போகுமோ தெரியாது. ஆனால் சொன்ன நாளில பூத்தது. அதையும் சொல்லத்தானே வேணும்."

நன்றி என்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

என்னைப் பற்றிய முடிவு வந்தது. வேலை இருக்கிறது. தலைமைப் பொறுப்பு இல்லை. இனி நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொருவர் கையெழுத்து வேண்டும். அந்த இன்னொருவருக்கு இருபத்தாறு வயது. நல்ல பெண். கையெழுத்து கோணல்.

அக்டோபர் 9, வியாழன்

வரிசை 41-ஐ அழித்தோம். தாய்ச் செடிகள், நாற்றுகள், விதை மொத்தமும். இங்கே எரிப்பதில்லை. இயந்திரத்தில் அரைத்து, வீட்டுப் பூனைகளின் கழிவுத் தட்டில் போடும் மணலோடு கலந்து, பயன்படாது என்று இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். நானும் ஹெய்டியும் போட்டோம். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து பதினொன்றே காலுக்கு முடிந்தது. நடுவில் ஒரு முறை இயந்திரம் அடைத்துக்கொண்டது. நானே சரி செய்தேன்.

வீட்டுக்கு வந்தேன். இவர் சோறு வடித்து ரசம் வைத்திருந்தார். தட்டு போட்டார்.

"எல்லாத்தையுமா?" என்றார்.

"எல்லாத்தையும்."

"விதையும்?"

"விதையும்."

சாப்பிட்டோம். ரசத்தில் உப்பு அதிகம். பாதியில் அவராகவே சொன்னார்.

"ஒரு தடவ மலமேல ஒரு காட்ட எரிச்சோம். ஒரு பொம்பள வந்துச்சு. கஞ்சாவ எரிச்சுக்கங்க சார், நடுவுல அவரைக்கொடி போட்டிருக்கேன், அத மட்டும் விட்ருங்க, பிஞ்சு எறங்கிருச்சுன்னுச்சு. பாத்துக்கறேம்மான்னு சொன்னேன். காத்து திரும்பிருச்சு. அவரையும் சேந்து போச்சு. அறிக்கைல கஞ்சா இத்தன கிலோன்னு எழுதுனேன். அவரைய எழுதல. எழுதுறதுக்கு அதுல எடம் இல்ல."

"எந்த வருசம்?"

"நீ குறுவ நெல்லுக்குப் பரிசு வாங்குன வருசம். எரிச்ச அன்னைக்கித்தான் நீ ஃபோன் பண்ணுன. நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

எனக்கு இரண்டாம் முறை ரசம் ஊற்றினார். குடித்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

அவருடைய விசா அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி முடிகிறது. டிக்கெட் எட்டாம் தேதிக்கு இருக்கிறது. சாமான் கட்டுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. காலையில் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் விசா நீட்டிப்பு விண்ணப்பத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். யார் அச்செடுத்துக் கொடுத்தது என்றேன். இராசநாயகமாம்.

அடுத்த மாதம், அழிக்காமல் வைத்திருக்கும் மூல இந்துகுஷ் தாய்ச் செடியிலிருந்து மறுபடி முதலிலிருந்து கலப்பினம் ஆரம்பிக்கிறேன். வேறு தகப்பன். வரிசை எண் இன்னும் தரவில்லை. இதை அவரிடம் வெள்ளிக்கிழமைதான் சொல்லியிருந்தேன்.

'மேலும் தங்க விரும்பும் காரணம்' என்ற கட்டத்தில் ஸ்டேஷன் கையெழுத்தில், கட்டத்தை விட்டு வெளியே போகாமல் எழுதியிருந்தார்:

'என் மனைவி கஞ்சாப் பயிரில் ஆராய்ச்சி செய்கிறார். போன பயிர் தவறிவிட்டது. மறுபடி விதைக்கிறார். உடன் இருக்க விரும்புகிறேன்.'

"இங்கிலீஷ்ல எழுதணும்ங்க" என்றேன்.

பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"நீ மாத்தி எழுதிக்க. விசயத்த மாத்தாத."